படகு எஞ்சினும் டிரைவரம்மாவின் வண்டியும்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் பூர்வீகம். பெரிய கார்களுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவர். எந்த வண்டி பட்டறைக்குள் நுழைந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், அந்த எஞ்சின் எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, எந்தெந்தக் கம்பெனி கைமாறி இங்கே வந்தது என்று ஆரம்பித்துவிடுவார். ஆபீசுக்கு நேரமாகிறவர்கள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள். உதிரிச் சாமான்களுக்குப் போன் போடுவதும் ஆட்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. உள்ளே மேசையில் உட்கார்ந்தபடி பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே பிடித்தது, பழி என் மேல் இல்லை. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஆறு வருடம் இருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கழுவி, அதன் உடம்பில் வார்த்திருக்கும் நம்பரைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு எஞ்சின்கள். ஒன்று, பார்க்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடும் உயரமான சொகுசு வண்டியிலிருந்து இறக்கியது. இன்னொன்று சாமான் ஏற்றும் வேனுடையது. இரண்டிலும் ஒரே வார்ப்பு நம்பர். அன்றைக்குச் சாப்பிடக்கூட வரவில்லை என்று அவருடைய அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அதிலிருந்து நோட்டு சேர ஆரம்பித்தது. இப்போது பதினொன்று இருக்கின்றன, துணி வைக்க வேண்டிய அலமாரியில். ரோட்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் இரண்டு கம்பெனிகள் சேர்ந்தே ஓர் எஞ்சினைச் செய்து, ஆளுக்கொரு மூடி போட்டு விற்கும். லாரிக்கென்று வரைந்ததைத் திருத்தி, சத்தத்தை அடக்கி, தோல் சீட் போட்ட வண்டிக்குள் உட்காரவைப்பதும் உண்டு. இதையெல்லாம் ஊர்வம்பு பேசுகிற ருசியோடு பேசுவார். கல்யாணமான புதிதில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனவர், சிக்னலில் நின்ற ஒரு வண்டியின் வம்சக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கடையை மூடிவிட்டார்கள். செருப்பு வாங்கப் போய் வெறும் கையோடு வந்தேன்.

எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "ஏங்க, அவங்க வண்டியைக் கொடுத்தாங்க, ஜாதகத்தையா கேட்டாங்க?" சிரிப்பார். காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

டிரைவரம்மா விஷயத்தில்தான் அது வினையாக முடியப் பார்த்தது.

அவள் எங்களுக்கு நாலைந்து வருடப் பழக்கம். சொந்தமாக ஒரே ஒரு வண்டி, ஏழு பேர் உட்காரும் சொகுசு ஜீப். மூன்றாவது கையாக வாங்கி, தானே ஓட்டி, அதை வைத்து அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றுகிறாள். பெரிய ஹோட்டல் ஒன்று, விமான நிலையத்திலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிவர அவளோடு ஒரு வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒப்பந்தம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, வண்டி இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் வந்தது.

எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்து கோடு விழுந்திருந்தது. கம்பெனி ஏஜென்டுக்குப் போன் போட்டேன். சாமான் கப்பலில் வர ஆறு வாரம் ஆகும் என்றான். டிரைவரம்மா அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வீட்டுக்குப் போய் ஏழாம் நோட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "துறையில படகு ரிப்பேர் பார்க்கிறாரே, அவருக்கு ஒரு போன் போடு. இதே எஞ்சின்தான் பயணிப் படகுலயும் ஓடுது." போட்டேன். படகுக்காரரிடம் புது கிராங்க் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. எனக்கே கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பதினொரு நோட்டையும் மன்னித்துவிட்டேன்.

வியாழக்கிழமை கிராங்க் வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். வண்டிக்காரர் கண்ணால் பார்த்து, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எந்தச் சாமானையும் பூட்ட மாட்டார். நல்ல வழக்கம்தான். பழையதையும் புதியதையும் பலகையில் பக்கத்தில் வைத்து, டிரைவரம்மாவைக் கூப்பிட்டார். இது அதே சாமான், அதே நம்பர் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். மனுஷன் கதையின் தலைப்பிலிருந்து ஆரம்பித்தார்.

"உங்க வண்டியில இருக்கிற எஞ்சின் காருக்குன்னு பொறந்ததே இல்லம்மா. முதல்ல ஒரு லாரிக்காகப் போட்டாங்க. அப்புறம் படகுக்குப் போச்சு. அதுக்கும் பின்னாடிதான்..."

அதற்குப் பின்னாடி என்ன என்று அவள் கேட்கவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"லாரி எஞ்சினா? என் வண்டியிலயா?"

"ஆமாம்மா, ஆனா அது..."

"அப்போ எனக்கு வித்தவன் நிஜ எஞ்சினைக் கழட்டிட்டு வேற எதையோ மாட்டிக் கொடுத்திருக்கான். ஹோட்டல்ல முதல்ல எஞ்சினைத்தான் பார்ப்பாங்கண்ணே. மாத்தின எஞ்சின்னா எழுதின காகிதத்தையே கிழிச்சிடுவாங்க." அவள் குரல் உடைந்தது. "வண்டியைத் தொடாதீங்க. நான் வித்தவனைப் பார்த்துட்டு வரேன்."

சாவியை எடுத்துக்கொண்டு போயே விட்டாள். அவர் கிராங்கைக் கையில் பிடித்தபடி நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"போதுமா? லாரியைச் சொன்னீங்க, படகைச் சொன்னீங்க, அவளோட வண்டியைச் சொல்றதுக்குள்ள அவளே போயிட்டா!"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே."

"சரியாத்தான் சொன்னீங்க. சரியானதைத் தலைகீழாச் சொன்னீங்க."

அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். நான் இருபது வருடமாக வேண்டிக்கொண்ட அமைதி வீட்டில் கிடைத்தது, சகிக்கவில்லை. இதில் வேறு டிரைவரம்மா போனை எடுக்கவில்லை. வித்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு திரிந்தால் திங்கட்கிழமை கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பிள்ளைகள் இரண்டும் என் மேசையடியில் விளையாடிய பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, கதவருகே காலணிகள் சிதறிக்கிடந்தன. அழுது வீங்கின கண்ணோடு கதவைத் திறந்தாள். வித்தவன் ஊரில் இல்லையாம். நல்லதாகப் போயிற்று என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"வண்டிப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு என்கூட வா," என்றேன்.

"எதுக்குக்கா? இன்னும் என்ன கதை பாக்கி?"

"கதை சொல்றவர் வாயைத் தச்சுட்டு வந்திருக்கேன். நீ வா."

பட்டறையில் எஞ்சின் தாங்கியின் மேல் நின்றது. அவர் மூலையில் போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் இருந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு, கம்பித் தூரிகையையும் மண்ணெண்ணெயையும் எடுத்தேன். ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, பத்து வருட அழுக்குக்கு அடியில் உளி வைத்து அடித்த நம்பர் ஒன்று இருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இருபது வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தினால் உங்களுக்கும் தெரியும்.

தேய்த்தேன். கருப்பு வழிந்து முழங்கைவரை ஓடியது. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது.

"புத்தகத்துல எஞ்சின் நம்பரைப் படி."

அவள் படித்தாள். நான் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். எழுத்தும் எண்ணுமாகப் பதினான்கு. ஏழாவதில் அவள் குரல் கொஞ்சம் தெளிந்தது. கடைசி எண்ணைச் சொல்லும்போது அவளே குனிந்து, என் விரலைத் தள்ளிவிட்டு, தன் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது உன் வண்டியோடவே வந்த எஞ்சின். யாரும் மாத்தல," என்றேன். "உளியால அடிச்சிருக்கே, அது ஆளோட பேர் மாதிரி, உன் எஞ்சினுக்கு மட்டும்தான். அச்சுல வார்த்திருக்கிற நம்பர் குடும்பப் பேர். அந்தக் குடும்பத்துல ஒருத்தன் லாரியில இருக்கான், ஒருத்தன் படகுல இருக்கான். உன் வீட்டுக்கு வந்தவன் இவன்."

கிராங்குகள் இரண்டையும் காட்டினேன். இரண்டிலும் ஒரே நம்பர். அவள் வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இதை நேத்தே இப்படிச் சொல்லியிருக்கலாமேண்ணே," என்றாள் மூலையைப் பார்த்து.

"சொல்லியிருக்கணும்மா," என்றார். அவள் சாவியைப் பலகையில் வைத்தாள்.

வெள்ளி மதியம் ஆரம்பித்து, சனி, ஞாயிறு என்று வேலை ஓடியது. நான் போல்ட்டைக் கழுவி வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். டிரைவரம்மா விளக்கைப் பிடித்தாள், டீ வாங்கிவந்தாள். ஞாயிறு மாலை எஞ்சின் வண்டியில் ஏறி உயிர் பெற்றது. ஆனால் ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டேன் என்றார். கெட்டியாக இருக்கும் எண்ணெய் சூடேறி ஓடினால்தான் உள்ளே தட்டும் சத்தம் வருகிறதா என்று தெரியுமாம். திங்கட்கிழமை ஐந்தரைக்கு மூவரும் கிளம்பினோம். விருந்தாளி உட்காரும் இடத்தில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் பின்னால் ஏறினார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. தோல் சீட்டில் எண்ணெய் படாமல் இருக்க இருவரும் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம்.

ஊரைத் தாண்டிப் பெரிய ரோடு வந்தது. இருபது கிலோமீட்டர் போனோம். அவரிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பினோம், அப்போதும் இல்லை. டிரைவரம்மாவின் கண் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் வந்தது. மணி ஆறே முக்கால்.

"அக்கா, அண்ணன் ஏன் ஒண்ணுமே சொல்லல? தட்டுதா?"

திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தூங்கிட்டார்," என்றேன்.

"தூங்கிட்டாரா? அப்போ வண்டி?"

"ஒரு துளி தட்டினாலும் இந்த மனுஷன் தூங்க மாட்டார். நீ நேரா ஹோட்டலுக்கு விடு."

அவள் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே கியரை மாற்றினாள். எங்களை வீட்டில் விட நேரமில்லை. ஹோட்டலுக்கு முந்தைய முனையில் அவரை உலுக்கி எழுப்பி, செய்தித்தாளையும் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். காவலாளி தடுப்பைத் தூக்கினான். வண்டி உள்ளே போனது. ஏழுக்கு மூன்று நிமிடம் இருந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடைபாதையில் நின்று, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்.