சொன்னால் பிள்ளையை எடுத்துக்கொள்வார்களா

மகள் பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி வராந்தாவில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு துணி காயவைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாச் சுவர் என் இடுப்பு உயரம்தான். கீழே யாரோ பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது மனசுக்குள் ஒரு படம் வந்தது. என் கைகள் பிள்ளையைச் சுவருக்கு வெளியே நீட்டுகின்றன, பிறகு விரிகின்றன. ஒரு நொடிதான். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி, அவளைப் பாயில் கிடத்திவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பசியில் கத்தினாள். நான் தொடவில்லை.

வந்தது போய்த் தொலையும் என்று நினைத்தேன். போகவில்லை. குளிப்பாட்ட வெந்நீர் ஊற்றும்போது வந்தது. மாமியாரின் அரிவாள்மணை கண்ணில் பட்டால் வந்தது. காதில் குரல் எதுவும் கேட்கவில்லை. அதைச் செய்ய எனக்குத் துளி ஆசையும் இல்லை. ஆசையே இல்லாத ஒன்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போனது, பால் வற்றியது. வராந்தாக் கதவின் தாழ்ப்பாளை நைலான் கயிற்றால் கட்டினேன். அவிழ்க்கத் தெரிந்தவளும் நான்தானே, அது எனக்கு அப்போதே தெரியும்.

மாமியார் தெருமுனையில் மீன் விற்பவர். மதியம் கூடையோடு வந்ததும் என்னைத்தான் முதலில் பிடிப்பார்.

"இன்னாடி, புள்ளய தரையில போட்டுட்டு இம்மாந்தூரம் தள்ளி குந்திகினு கீற? நீதான பெத்த? எத்தினி நேரமா கத்திகினு கீது!"

"கை வலிக்குது அத்தை."

"கை வலியாம், கை வலி. நாங்கல்லாம் பெத்து மூணாம் நாள் கூடை தூக்கினோம்."

எரிச்சலில் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் என்ன சொல்வது? ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அவரிடம் சொன்னால் அம்மாவிடம் சொல்வார், அம்மா சொன்னால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் கீழ்ப்பாக்கம் என்றால் ஒரு ஏரியாவின் பெயர் இல்லை, பைத்தியம் என்று அர்த்தம். பக்கத்து பிளாக்கில் ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, புகுந்த வீட்டார் பிள்ளையை எங்கோ சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவள் இன்னும் தண்ணி லாரிக்குக் குடத்தோடு வருகிறாள். பிள்ளை திரும்பி வரவில்லை.

போனில் தேடினேன். அடையாறில் ஒரு கிளினிக்கில் ஒரு மணி நேரம் பேச என் வீட்டுக்காரரின் இரண்டு நாள் ஓட்டம் ஆகும். வசதி இல்லாதவர்களுக்குக் குறைத்துக்கொள்வோம், சம்பளச் சீட்டு கொண்டுவாருங்கள் என்றாள் போனை எடுத்தவள். ஆட்டோக்காரனுக்கு யாரம்மா சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்? இலவசமாகப் பேசும் ஒரு போன் நம்பர் கிடைத்தது. பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்ப் பேசுங்கள் என்றார்கள். ஒற்றை அறை வீடு. யாரும் இல்லாத இடம் என்றால் மொட்டை மாடிதான். படியேறிப் போனேன். அங்கே சுவர் இன்னும் குட்டை. போனைக்கூட அணைக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் மனநலம் படிக்கும் பெண்கள் புதன்கிழமை பிற்பகல் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். அவர்களுக்கு அது பயிற்சி. வீட்டில் தையல் கிளாஸ் என்று பொய் சொன்னேன். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள் அந்தப் பெண். முதல் நாளே ஒரு தாளை வைத்துப் படித்தாள்.

"அக்கா, நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது. ஒண்ணே ஒண்ணு தவிர. உங்களுக்கோ வேற யாருக்கோ ஆபத்து இருக்குன்னு தோணுச்சுன்னா, எங்க மேடம்கிட்ட நான் சொல்லியே ஆகணும். சம்மதம்னா இங்க கையெழுத்து போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எதைச் சொல்ல வந்தேனோ அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லலாமாம்! ஐந்து புதன்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டினேன், வீட்டுக்காரரின் முதுகுவலியைச் சொன்னேன், தண்ணீர் வராததைச் சொன்னேன். அவளும் தலையாட்டி எழுதிக்கொண்டாள். இதற்குள் வீட்டில் நிலைமை மோசமாகிவிட்டது. பிள்ளையோடு தனியாக இருக்கப் பயந்து, மாமியார் கூடையைத் தூக்கியதும் நான் பிள்ளையை ஏணை கட்டிப் போட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே மாடிப்படியில் போய் உட்கார ஆரம்பித்தேன். உள்ளிருந்து அழுகை வரும். காதைப் பொத்திக்கொள்வேன்.

ஆறாவது புதன்கிழமை அவள் சொன்னாள், "அக்கா, எனக்கு எக்ஸாம் வருது. இன்னிக்குதான் கடைசி. அடுத்த செமஸ்டர் வேற ஒருத்தங்க பாப்பாங்க. மொதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருக்கும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை, என்மேல். நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி. "நான் என் புள்ளைய கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு" என்றேன். சுவரைச் சொன்னேன், வெந்நீரைச் சொன்னேன், அரிவாள்மணையைச் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள். முகம் வெளுத்துவிட்டது. "உக்காருங்க அக்கா, வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

போலீஸைக் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தேன். எழுந்து கதவு வரை போனேன். தாழ் போடவில்லை. ஓடியிருக்கலாம். ஓடி எங்கே போவது? வீட்டுக்குத்தான். அங்கேதான் பிள்ளை இருக்கிறாள், சுவரும் இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மேடம் வந்தார். திட்டவில்லை. நிறையக் கேட்டார். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையிலயே போங்கம்மா. தனியா போகாதீங்க. இன்னிக்கு ராத்திரியும் வீட்டுல யாராவது கூடவே இருக்கட்டும். போகும்போது குழந்தையையும் கொண்டுபோங்க."

"குழந்தை எதுக்கு?"

"அவங்க பாக்கணும்."

பஸ்ஸில் கவரைப் பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். பன்னிரண்டாவது படித்தவளுக்கு இரண்டு மூன்று வார்த்தை போதாதா? பிள்ளை என்பதும் ஆபத்து என்பதும் புரிந்தது. அன்று இரவு அவளைக் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அடி தள்ளியேதான்.

மறுநாள், எனக்குத் தூக்கமே வருவதில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாமியாரையும் பிள்ளையையும் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக் கட்டிடத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "இது இன்னா எடம்டி? இங்க இன்னாத்துக்கு இட்டாந்த?" என்றார். நான் டோக்கன் வரிசையில் போய் நின்றேன். பிள்ளையை முந்தானையால் இறுக்கிப் போர்த்திக்கொண்டு, என்னைவிட்டு நாலடி விலகி நின்றார்.

ஒரே அறையில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்தால், அடுத்த டோக்கன் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் மூச்சு படும்படி நிற்பார்கள். கல்லூரியில் கதவைச் சாத்திய அறையிலேயே ஐந்து வாரம் சொல்ல முடியாததை இங்கே சொல்ல வேண்டும். டாக்டரம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். என் பின்னால் நடந்துகொண்டிருந்த பேச்செல்லாம் அப்படியே நின்றுபோனது.

"செய்யணும்னு தோணுதா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"யாராவது செய்யின்னு சொல்ற மாதிரி காதுல கேக்குதா?"

"இல்ல."

"படம் வந்தா என்ன பண்ணுவ?"

"கீழ படுக்க வச்சிட்டு ஓடிடுவேன். கிட்டயே போகமாட்டேன்."

இன்னும் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"குழந்தை எங்க?"

எதற்காக இத்தனை மாசம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அந்தக் கேள்வி. "வெளிய மாமியார்கிட்ட கீது" என்றேன். ஆயாவை அனுப்பிக் கூப்பிட்டார். மாமியார் உள்ளே வந்தார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"குழந்தைய அவங்ககிட்ட குடுங்கம்மா" என்றார் டாக்டர்.

மாமியார் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயோ வேணாம் மேடம், அந்தப் பொண்ணு சொன்னது கேட்டுச்சே" என்றாள். மாமியார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே இருந்ததால் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் ஊகித்துவிட்டார் என்று தெரிந்தது.

"குடுங்க" என்றார் டாக்டர் மறுபடியும். "இது ஒரு நோவு. பிரசவத்துக்கப்புறம் நெறைய பேருக்கு வருது, வெளிய சொல்ல மாட்டாங்க. பயந்து பயந்து தள்ளியே இருந்திருக்கா பாருங்க. மாத்திரை தரேன், வாராவாரம் வரணும். கொஞ்ச நாளைக்கு நீங்களும் கூட இருங்க. ஆனா புள்ளைய அவகிட்டேர்ந்து பிரிக்காதீங்க."

மாமியார் குனிந்து, மெதுவாக, பிள்ளையை என் மடியில் வைத்தார். படம் வந்தது. அந்த நாற்காலியிலேயே வந்தது. எழுந்து ஓட இடமில்லை, பின்னால் நாலு பேர். டாக்டரம்மா எங்கள் பக்கமே பார்க்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளை என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள்.

எழுதி முடித்துச் சீட்டை நீட்டினார். எனக்குக் கை ஒழியவில்லை. மாமியார்தான் அதை வாங்கி, இடுப்பில் இருந்த சுருக்குப்பையில் மடித்துப் போட்டுக்கொண்டு, "எந்திரி, மெதுவா வா" என்றார்.