சிவப்பு விளக்கில் அப்பா போட்ட தாளம்

"அமரர்" என்ற சொல்லை அப்பாவுக்கு முன்னால் எழுத என் கை மறுக்கிறது. எங்களை விட்டுப் போன அன்று காலையில்கூட, பனி வழிக்கிற சவளை அயல்வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்ததற்காக அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே புட்டுச் சாப்பிட்டவர் அவர்.

அப்பா வடமராட்சியில் பிறந்தவர். சங்கீதம் படிக்க ஆசைப்பட்டும் குடும்பப் பாரத்தால் முடியவில்லை. நாட்டுப் பிரச்சினையில் தனியே மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை பார்த்து, இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். வந்த கிழமையே எனக்குப் பாட்டு வகுப்புத் தேடினார். பள்ளிக்கூடம் தேடியது அதற்குப் பிறகுதான்!

சனிக்கிழமைகளில் பாலம் கடந்து புரோசார்ட்டுக்கு வகுப்புக்குப் போவோம். நான் பாட, சிவப்பு விளக்கு விழுந்த இடமெல்லாம் அப்பா தாளம் போடுவார். அவர் கையைத் தூக்கிப் புரட்டும்போது, பக்கத்துக் காரில் இருப்பவர்கள் தங்களுக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையசைப்பார்கள். வெட்கத்தில் நான் பிரெஞ்சில் முணுமுணுப்பேன்.

"பிரெஞ்சிலை பேந்து கோவிக்கலாம், இப்ப பாடு பிள்ளை" என்பார். ஒரு தட்டுப் பிசகினாலும் விடமாட்டார். தன் தொடையில் ஓங்கி அடிப்பார்.

வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருப்பார். அந்தச் சனிக்கிழமை நான் வெளியே வந்தபோது கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வலது கை தொடையில் இருந்தது. "அப்பா, எழும்புங்கோ" என்றேன். அசையவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவரை எழுப்ப எனக்கு நிச்சயமான வழி ஒன்று தெரியும். அன்று படித்த பாட்டை வேண்டுமென்றே தாளம் தப்பப் பாடினேன். அடி விழவில்லை. இன்னும் மோசமாகப் பாடினேன். ஐயோ, அந்தக் கை அப்படியே கிடந்தது! பிறகுதான் தொட்டுப் பார்த்தேன்.

மாரடைப்பாம். "நோய் நொடியெண்டு பாயிலை கிடக்கேல்லை, குடுத்துவைச்சவர்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் விளங்கவில்லை.

செத்தவீட்டில் தேவாரம் பாடச் சொன்னார்கள், குரல் வரவில்லை. அதற்குப் பிறகு நான் பாடவே இல்லை. வாயைத் திறந்தால் அந்த அசையாத கைதான் முன்னால் வருகிறது. அம்மாதான் கேட்டார்: "நீ இனிப் பாடாட்டி, அந்த மனிசன் பனிக்குள்ளை காத்துக்கிடந்ததெல்லாம் ஆருக்குப் பிள்ளை?"

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்ததும் பாடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்னை அணைத்துப் பிடித்திருந்த சங்கீத ரீச்சருக்கும், அப்பாவோடு பொதி ஏற்றிய தோழர்களுக்கும், வேளாவேளைக்குச் சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும், அந்தச் சவளோடு வந்து எங்கள் வாசல் பனியை வழித்துவிட்ட அயல்வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்கள் எல்லோரிடமும் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். அந்தியேட்டியன்று இந்த நினைவு மலர் உங்கள் கையில் இருக்கும்போது நான் பாடத் தொடங்கியிருப்பேன். தாளம் தப்பினால், பாவம் பிள்ளை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். யாராவது ஒருவர் உங்கள் தொடையில் ஓங்கி அடியுங்கள்.

மகள்