சோத்தாங்கைப் பிள்ளை

செட்டியார்பட்டி மருத்துவ முகாமில் அன்று எல்லோரும் அந்தக் குழந்தையைத்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதப் பையன், பெயர் கவின். எந்தப் பக்கம் பொம்மையை நீட்டினாலும் வலது கையால்தான் வாங்கினான். "சோத்தாங்கையைத் தவிர நீட்டவே மாட்டான் மேடம். யாரும் சொல்லிக் குடுக்கல" என்றாள் அவன் அம்மா செல்வி. சுற்றி நின்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அவன் இடது கையைப் பார்த்தேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டரில் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். ஒரே கையை நீட்டினால் மற்ற கையைச் சந்தேகப்பட வேண்டும். கவினின் வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினேன். இடது கை கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியே கிடந்தது. அவன் அழுதான்.

அப்பா முருகேசனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவரை உட்காரவைத்துச் சொன்னேன்: நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும், வாராவாரம் தெரபி வேண்டும், இப்போதே தொடங்கினால்தான் பலன் அதிகம்.

"புள்ள ஒழுக்கமா வாங்குதான். அதுல என்ன கொறை கண்டுட்டீக? பீச்சாங்கையால வாங்குனா சந்தோசப்படுவீகளா?" என்றார்.

"ரெண்டு கையாலயும் வாங்கணும் சார்."

"சீக்காளிப் புள்ளன்னு ஊருக்குள்ள பேரு வாங்கித் தந்துராதீக. ஏட்டி, கெளம்பு."

செல்வி மட்டும் அவருக்குத் தெரியாமல் சில வாரம் பஸ் ஏறி வந்தாள். மூடிய கை லேசாக விரியத் தொடங்கியிருந்தது. அப்புறம் வரவில்லை. போன் செய்தால் அவர் எடுத்துத் திட்டினார். வீட்டுக்கே போனேன். வாசலோடு அனுப்பிவிட்டார்.

எல்.கே.ஜி. சேர்த்த பிறகு பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் மறுபடி வந்தார்கள். "கை தட்டு கவின்" என்றேன். வலது கையால் தொடையில் தட்டிவிட்டுச் சிரித்தான். வீட்டில் அதற்கும் பாராட்டு கிடைத்திருக்கும். இடது முழங்கை மடங்கி இறுகியிருந்தது.

"சரியாயிருமா மேடம்?" முருகேசன் குரல் இறங்கியிருந்தது.

"இடது கைய ஒத்தாசைக்கு வர வைக்கலாம். மத்த கை மாதிரி ஆகாது."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க அன்னைக்கே அழுத்திச் சொல்லிருக்கலாம்ல?"

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை முன்னால் இருந்ததால் விழுங்கினேன். இன்றைக்கும் கசக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சொன்னதைக் கேட்காதவர்களே ஒருநாள் வந்து, நீங்கள் சொல்லவில்லை என்பார்கள். பதில் பேசாமல் பாயை விரித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். அந்தக் கை பிள்ளையுடையது.