புயல் சாய்த்த மரமும் மச்சானின் லொறியும்

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்கள் வீடு எழும்புவதற்கு முன்னரே எங்களைத் தின்னத் தொடங்கிவிட்டது.

லண்டன் லூயிஷாமில் ஒரு சரிவு நிலம். வீடு கட்டி விற்கிற கம்பெனி எதுவும் எட்டிப் பார்க்காத சரிவு. கவுன்சில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுக்குக் காத்திருந்த குடும்பங்களிடம் கொடுத்து, உங்கள் கையாலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றது. ஒரு துண்டு எங்களுக்கு விழுந்தது. அடுத்த மாரிக்கு முன்னர் சுவர் எழும்பாவிட்டால் அது வேறு ஆட்களுக்குப் போய்விடும். அப்போது நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தோம். சுவர் முழுக்கப் பூஞ்சணம். சின்னவளுக்கு மூச்சு இழுக்காத நாள் இல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவன் அந்த அறையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

நான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவன். செங்கல் வைக்கத் தெரியாது, வைக்கத் தெரிந்தவனைப் பிடிக்க வசதியும் இல்லை. நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தில்தான் அந்த வீடுகளைக் கண்டேன். மரக்குற்றியின் மேல் மரக்குற்றி, மூலையில் வாய் வெட்டி ஒன்றையொன்று கவ்வ வைத்தால் சுவர். இது என்னால் ஏலும் என்று தோன்றியது. கவுன்சில்காரர் முதலில் சிரித்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

குற்றி தேடி, மரம் விற்கிற மரக்காலைக்குப் போனேன். நோர்வேயிலிருந்து கப்பலில் வந்த மரம், மெழுகுதிரி போல நேராக அடுக்கியிருந்தது. விலையைக் கேட்டதும் தடவிக்கொண்டிருந்த கை தானாக விலகியது. தோட்டத்துக் கொட்டகைக்கா என்று விற்பனைக்காரன் கேட்டான். வீட்டுக்கு என்றேன். உள்ளே திரும்பி இன்னொருவனைக் கூப்பிட்டான். என்னைக் காட்டுவதற்கு!

மரம் விற்கிற இடத்துக்குப் போகக்கூடாது, மரம் கிடக்கிற இடத்துக்குப் போகவேண்டும் என்ற புத்தி அன்றைக்குத்தான் வந்தது. எண்பத்தேழு ஒக்டோபரில் ஒரே இரவுப் புயல் தென் இங்கிலாந்தின் காடுகளைப் பாய் விரித்தது போலப் படுக்கப்போட்டிருந்தது. அடுத்த வசந்தத்தில், லீவு கிடைத்த நாளெல்லாம் கென்ற் பக்கம் ரயிலேறி, தோட்ட வாசல்களில் நின்று விசாரித்தேன். கடைசியில் ஒரு தனியார் காடு அகப்பட்டது. லார்ச் என்னும் ஊசியிலை மரம். நெருக்கி நட்டு வளர்த்ததால் அடியும் நுனியும் ஏறக்குறையச் சமபருமன். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததால் மண்ணின் ஈரமும் ஏறவில்லை. எல்லாம் கடதாசி ஆலைக்குத்தான் போகிறது, மே முடிய முன்னர் வந்தால் விறகு விலைக்குத் தருகிறேன் என்றார் காட்டுக் காவலர். வேண்டிய மரங்களில் வெண்கட்டியால் குறி போட்டுவிட்டு, ரயிலில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஏற்றி வர லொறி வேண்டும். ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக்கடை வைத்திருந்த என் மனைவியின் தமையனிடம் அரிசி மூடை ஏற்றும் திறந்த லொறி இருந்தது. "லொறியைப் பற்றி யோசியாதையும் மச்சான்" என்று வாக்கும் தந்திருந்தார். நாள் குறிக்க அவர் வீட்டுக்குப் போனோம்.

"காத்திலை விழுந்த மரமோ?" என்றார்.

"ஓம் மச்சான். விறகு விலை. ஊசி மாதிரி நேர்."

"காத்திலை விழுந்தது, இடி விழுந்தது, சுடலையிலை நிண்டது, மூண்டும் வீட்டுக்கு ஆகாது. உமக்குத் தெரியாதே? குடி விழுந்துபோம். என்ரை லொறி அதை ஏத்தாது."

எனக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் நாள் பார்த்து, மரத்திடம் உத்தரவு கேட்டுத்தான் வெட்டுவார்கள். ஆனால் அந்த வருடம் அந்தப் பக்கத்தில் ஏழை வாங்கக்கூடிய மரம் என்றால் அது காற்று விழுத்திய மரம்தான். விழுந்ததால்தானே மலிவு!

நான் வாய் திறக்க முன்னர் மனைவி கேட்டாள்: "நாங்கள் என்ன நாள் பாத்தே இஞ்சை வந்து விழுந்தனாங்கள், அண்ணை?"

 அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"கோயிலடியிலை சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியே? ஊரிலை கல்வீட்டிலை பிறந்தவள் லண்டனிலை கொட்டிலிலை கிடக்கிறாள் எண்டு சிரிக்கும். ஒரு செங்கல் வீடு எடுக்குமட்டும் எங்கடை மேலறையிலை இருங்கோவன்."

"எத்தினை வருசத்துக்கு, அண்ணை?"



எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனதார நம்பிச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், நம்பிக்கை அவரவர் சொத்து. இவருக்கு இருந்தது கூச்சம். அந்தக் கூச்சத்துக்குச் சாத்திரத்தால் ஒரு சால்வை போர்த்திக்கொண்டு வந்து நின்றார். என் பிள்ளையின் மூச்சைவிட அவருக்குக் கோயிலடிக் கதை பெரிது.

"வைக்கோல் பட்டடை நாய் கப்பலேறி ரெய்னர்ஸ் லேனுக்கு வந்திட்டுது" என்றேன், திரும்பும் ரயிலில்.

"நாய் எண்டு பேசாதேங்கோ. அவர் என்ரை அண்ணை" என்றாள் மனைவி. சில ஸ்டேஷன்கள் தாண்டிய பிறகு, "எண்டாலும் சரியாத்தான் சொன்னியள்" என்றாள்.

வாடகை லொறிக்காரர்கள் மரம் என்றதும் போனை வைத்தார்கள். மே போய்விட்டது. ஒருநாள் எங்கள் துண்டில் மண்ணைப் பகைவனைக் கொத்துவது போலக் கொத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துத் துண்டில் வீடு கட்டிய ஜமேக்காக்காரர் வந்து, மண் உனக்கு என்ன செய்தது என்றார். சொன்னேன். கூரை வேலைக்காரர் அவர், சாரமரம் ஏற்றும் லொறி வைத்திருந்தார். ஏன் முதலிலேயே என்னைக் கேட்கவில்லை என்று கோபித்தார். சொந்தத்தைக் கேட்காமல் அயலைக் கேட்பது எங்களுக்கு வராது என்று அவருக்கு எப்படி விளக்குவது? மச்சானின் கதையைக் கேட்டுவிட்டு, மச்சானுக்கென்றே தன் ஊர்ப் பழமொழி ஒன்று சொன்னார்: ஆட்டுக்கு வாயில் இனிப்பதுதான் பிறகு அதன் வயிற்றைக் கலக்கும். அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலை லொறி நின்றது. நான் போட்ட வெள்ளைக் குறிகளோடு குற்றிகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. இறக்கச் சொல்லிக் கத்தினேன். உனக்காகக் கொஞ்சம் பொறுத்துத்தான் பார்த்தேன் என்றார் காவலர். அவரில் பிழையில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது. மிஞ்சிக் கிடந்ததைத் தந்தார். வெளிச்சுவர்களுக்குப் போதும், பிள்ளைகளுக்கென்று நினைத்திருந்த பின்னறைக்குக் காணாது. எங்கள் வீட்டில் ஒரு அறை கடதாசியாகிப் போனது.

சரிவில் குற்றிகளை இறக்கியபோது எல்லாத் துண்டுக்காரரும் வந்து உருட்டினார்கள். நடுவில் மச்சானின் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "நல்ல நேர் மரம்தான் மச்சான். மழை வரப்போகுது, மூடி வையும்" என்றார்.

தெரியாத தபால்காரனைக்கூட "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று மறிக்கிற ஆள் நான். பழக்கத்தில் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். மனைவியைப் பார்த்தேன். பிளாஸ்க் அவள் கையில் இருந்தது. ஜமேக்காக்காரருக்கு ஊற்றினாள், எனக்கு ஊற்றினாள். பிறகு தமையனைப் பார்த்தபடியே மூடியை இறுக்கித் திருகினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றினார்.