தங்கராஜுவுக்காகக் குளித்தவர்

சதாசிவம் அண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியானில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு என் வேனில்தான் வருவார். சாலையில் உள்ள ஒவ்வொரு குழிக்கும் திட்டு எனக்குத்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. டயாலிசிஸுக்கு வரும் வாரத்தில் அந்த மூன்று நாள்தான் அவர் மனித முகம் பார்ப்பது.

கையில் ஊசி குத்த வழியில்லாமல் போனதால், கழுத்து நரம்பு வழியாக இதயம் வரைக்கும் ஒரு குழாயை இறக்கி, முனைகளை நெஞ்சில் வெளியே விட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் படவே கூடாது, பட்டால் கிருமி நேராக இரத்தத்துக்குப் போய்விடும் என்பது தாதி பிரவீனாவின் ஓயாத பாட்டு. மறுபக்க நரம்பு ஏற்கெனவே சுருங்கிவிட்டது. இந்தக் குழாய் கெட்டால் அடுத்ததைப் போட இடம் கிடைப்பதே சந்தேகம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அண்ணன் தலைக்குத் தண்ணீர் ஊற்றியே வெகுகாலம் ஆகியிருந்தது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி.

பக்கத்து நாற்காலி தங்கராஜுவுடையது. டிவியில் எதைப் போடுவது என்று இரண்டு பேருக்கும் எப்போதும் சண்டை. ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தங்கராஜு வரவே இல்லை. மாரடைப்பு.

சாவு வீட்டுக்கு நான்தான் அண்ணனைக் கூட்டிப்போனேன். தங்கராஜுவின் மருமகன், "நீங்க யாரு அங்கிள்?" என்று கேட்டார்.

"டயாலிசிஸ்ல பக்கத்து நாற்காலி," என்றார் அண்ணன்.

மருமகனுக்கு அது என்ன உறவென்று விளங்கவில்லை. வாசலில் போட்டிருந்த கூடாரத்து ஓரத்தில் உட்காரச் சொன்னார். வாய்க்கரிசி போட இவரை யாரும் கூப்பிடவில்லை. பாவமாக இருந்தது எனக்கு.

"கால மட்டும் கழுவிட்டு உள்ள போங்கண்ணே," என்று சொல்லித்தான் வீட்டில் இறக்கிவிட்டேன். தலையை நன்றாக ஆட்டினார்.

அடுத்த முறை இயந்திரத்தில் இணைத்துக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அனலாகக் காய்ச்சல். வெளியே காத்திருந்த நானும் உள்ளே ஓடினேன். பிரவீனா நெஞ்சுக் கட்டைப் பிரித்தாள். குழாயைச் சுற்றிச் சீழ்.

"அலமாக், ஐயோ! தலைக்குக் குளிச்சீங்களா அங்கிள்?"

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து குளிக்காம இருக்கறதா?"

பெரிய மனிதர் என்றும் பாராமல் கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்துவிட்டு, கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். கிருமி அடங்கும்வரை டயாலிசிஸ் செய்யத் தொடையில் தற்காலிகமாக ஒரு குழாய். என்னைத் தவிர அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கழுத்தில் இனி இடம் கிடைக்குமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. இரத்தம் சுத்தமான பிறகு ஒருவழியாக அதே பக்கம் புதுக் குழாய் இறங்கியது. தப்பித்தார்.

திரும்பி வந்த அன்று புதுக் கட்டுப் போட்டபடியே பிரவீனா பொரிந்து தள்ளினாள். "உயிரே போயிருக்கும் அங்கிள்! தங்கராஜு அங்கிள் வீட்டு ஆளுங்க குளிச்சா பத்தாதா? அவரு என்ன, உங்களுக்குச் சொந்தமா?"

"அந்த வீட்டுல என்னைக் கிட்டக்கூட விடலம்மா. அவனுக்காக நான் செய்யறதுக்கு அது ஒன்னுதான் இருந்துச்சு."

"சரி, இனிமே இப்படிச் செய்யாதீங்க."

"செய்ய மாட்டேன். நான் யாருக்காகக் குளிக்க? எனக்கு இனி ஆளு ஏது?"