ஏலும், ஆனால் ஏலாது

இன்று கிளிநொச்சிக்கு எலெக்ட்ரிக் சைக்கிள் பார்க்கப் போனேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு கட்டை தூரம். மிதிப்பது எனக்கு விருப்பம், உடம்புக்கும் நல்லது. சோளகக் காற்றுக்கு எதிராக மிதிக்கும்போதுதான் உயிர் போகிறது. அந்த நேரத்துக்கு மட்டும் மோட்டர் கைகொடுத்தால் போதும்.

கடைக்காரர் கேட்டார்: "டீச்சர், உங்களால மிதிக்க ஏலுமோ?"

"ஏலும் தம்பி. காத்து எதிர்த்து அடிச்சால்தான் ஏலாது."

அவருக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய் மூன்று சில்லு வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டார். முன்னால் கூடை, சாய்ந்திருக்கக் கதிரை. பெடலே இல்லை.

"கை கால் ஏலாத ஆக்களுக்கெண்டே வந்தது டீச்சர். ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோ."

அவர் மனம் நோகக் கூடாதே என்று ஏறி இருந்தேன். அதுதான் நான் விட்ட பிழை. அந்த நேரம் பார்த்து, எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ராணி அக்கா போன பஸ் கடையைத் தாண்டியது. ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனா.

பழைய சைக்கிளில் காற்றோடு மல்லுக்கட்டி நான் வீடு வந்து சேர, கேற்றடியில் அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேர். ஒருவர் கையில் தோடம்பழப் பை.

"டீச்சருக்கு உடம்புக்கு ஏலாதாம் எண்டு ராணி அக்கா சொன்னவா."

"எனக்கு... ஒண்டும்... இல்லை" என்றேன், மூச்சு வாங்கியபடி.

"அவாக்குக் கதைக்கவே ஏலாமல் கிடக்கு, பாவம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

தோடம்பழத்தை வாங்கிக்கொண்டேன். இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ.

எனக்கு இனி ஏலாது.