ஆட்டம் இல்லாத மாதங்கள்

மழை மாதங்களில் எங்கள் தெரு ஆண்களுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பந்தாட்டப் பருவம் முடிந்திருக்கும். திடலில் தண்ணீர் தேங்கி வாத்துகள் நீந்தத் தொடங்கியிருக்கும். வேலை விட்டு வந்தவர்கள் வீட்டுக்குள் போவார்கள், உடனே வெளியே வருவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே யாரும் முடி வெட்டிக்கொள்வதாகத் தெரியாது. அடுத்த பருவத்தில் எங்கள் குழுவில் யார் இருப்பார், யார் போவார் என்ற பேச்சுதான் நாள் முழுவதும்.

பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது ரயில் பட்டறையில் வேலை பார்த்தார்கள். பட்டறைக்கு என்று ஒரு பந்தாட்டக் குழு இருந்தது. பந்து ஆடுவதற்கு யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. ஆகவே ஆடத் தெரிந்தவனுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்து, அந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பார்கள். எங்கள் குழுவில் நடுவில் நின்று கோல் அடிப்பவர், விளக்குத் துடைக்கிறவர் என்று சம்பளப் பட்டியலில் இருந்தார். அவர் ஒரு விளக்கைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

தோட்டத்துத் துரைமார்களும் இதையே செய்தார்கள். கிள்ளானைத் தாண்டி, காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதன் துரைக்குப் பந்தாட்டப் பைத்தியம். நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கொடுத்து இழுத்துக்கொள்வார். கிராணி என்றால் சாதாரணமா? வெள்ளைச் சட்டை, மேசை, தனி வீடு. அந்தத் தோட்டத்தின் பெயரை எடுத்தாலே எங்கள் தெருவுக்கு ஆகாது.

முடிவெட்டும் கடையில் இரண்டு பேர் குரல்தான் எப்போதும் மேலே கேட்கும். ஒருவர் கடைக்காரர். இன்னொருவர், ரயில் வரும்போது சாலையை மறித்துக் கதவைச் சாத்தும் கேட்காரர்.

“கோல் காக்கற கோல்காரனுக்குக் கொட்டிக் குடுக்கற காசுல, பின்னால நின்னு தடுக்க ரெண்டு பேக் வாங்கலாம்லா,” என்பார் கடைக்காரர், ஒருவர் தலையைப் பாதி வெட்டிய நிலையில் விட்டுவிட்டு.

“வாங்கிட்டு? கோல் கம்பத்துல ஒங் கத்திரிய கட்டித் தொங்க விடுவியா?”

“அவன் பந்தப் புடிக்கறதுக்கு கத்திரி தேவலாம்ணே.”

பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அதில் சொல்ல ஒன்று இருக்கும்.

என் சித்தப்பா அந்தக் குழுவில் இடது ஓரத்தில் ஓடுபவர். பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. விளக்குத் துடைப்பவரைப் போல இல்லை, இவர் உண்மையிலேயே சம்மட்டி பிடித்தார். ஆட்டநாளில் மட்டும் பகலோடு விட்டுவிடுவார்கள். சித்தப்பா இல்லாத குழுவை எங்கள் தெருவால் நினைத்துப் பார்க்கவே முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். மழை மாதம் முழுவதும் அதைத்தான் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, அவர்கள் இருவருக்கும் இளையவரான சித்தப்பா, நான். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். மழையில் சித்தப்பாவால் வீட்டுக்குள் இருக்க முடியாது. தேங்காய் மட்டையைக் காலால் தட்டிக்கொண்டே சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார். அந்த வருஷம் மட்டும் புதிதாக ஒன்று செய்தார். சாயங்காலமானால் என் சிலேட்டை வாங்கி ஆங்கில எழுத்துகள் எழுதிப் பார்ப்பார். சம்மட்டி பிடித்த கைக்குக் குச்சி அடங்கவில்லை. இரண்டு குச்சிகளை ஒடித்தார்.

“இந்த எழுத்துக்குக் காலு எந்தப் பக்கம் வரும் பாப்பா?” என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். எனக்குத் துணையாகப் படிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அத்தைக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய வயது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நகை விஷயத்தில் ஒன்றும், ஜாதகத்தில் இரண்டும் தட்டிப்போயின. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். “இது” என்பது கிள்ளானிலிருந்து வர இருந்த நான்காவது இடம். மாப்பிள்ளை தோட்டத்துக் கிராணி. நகை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

வெற்றிலை மாற்றும் வரை பெண் பார்க்கும் சங்கதியை எங்கள் வீடுகளில் வெளியே விடமாட்டார்கள். தட்டிப்போனால் நாலு பேர் வாயில் விழ வேண்டும். அதைவிட, நாலு பேர் வாயில் விழுந்தாலே தட்டிப்போகும் என்று பயம். அம்மா என்னை அழைத்து, “யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத,” என்றார். பிறகு அவரே சிரித்தார். நான் இயல்பிலேயே வாயைத் திறக்காதவள். பள்ளியில் ஆஜர் சொல்வதற்கே எனக்குக் குரல் வராது.

அந்த வாரம் ரவை வாங்கவும் சீனி வாங்கவும் மளிகைக் கடைக்குப் பல தடவை நடந்தேன். மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கடைதான் முடிவெட்டும் கடை.

“என்னா பாப்பா, சீனி நெறையா போவுது? வீட்ல விருந்தாளியா?” என்று முடிவெட்டும் கடைக்காரர் கேட்டார்.

“கிள்ளான்லேர்ந்து வராங்க,” என்றேன். ஊரைச் சொல்வதில் தவறில்லை என்று எனக்குப் பட்டது.

கடைக்காரரின் கத்திரி நின்றது. கேட்காரர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். “கிள்ளான்லேர்ந்தா? யாரு? எதுக்கு?”

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அம்மா சொன்னதை அப்படியே காப்பாற்றினேன். நான் பேசாமல் நிற்க நிற்க அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் எனக்கு பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். பெரிய ஆண்கள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காகிதத்தில் சுற்றிய மிட்டாய் ஒன்றும் கிடைத்தது.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம் பாப்பா. நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டு. கிராணி வேலைதானே?” என்றார் கேட்காரர்.

மாப்பிள்ளைக்குக் கிராணி வேலைதான். தலையாட்டினேன்.

“காப்பார் தோட்டந்தானே?”

அதுவும் சரிதான். ஆட்டினேன்.

“தனி வீடு குடுக்கறாங்களா?”

அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆட்டினேன். கேட்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவைத் தோட்டம் இழுத்துக்கொள்கிறது என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அத்தை சங்கதி வெளியே வந்துவிடும். அதோடு, பத்து ஆண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த இடமும் மிட்டாயும் போய்விடும் என்று தோன்றியது. நாலு நாளும் போனேன், நாலு நாளும் தலையாட்டினேன்.

சனிக்கிழமைக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. துரை எவ்வளவு தருகிறார், பட்டறை எவ்வளவு கூட்டித் தரும், பதிலுக்குத் தோட்டத்துக் கோல்காரரை அனுப்புவார்களா, அவரை அனுப்பினால் நம்முடைய கோல்காரரை எங்கே வைப்பது என்று ஒரு குழுவையே கலைத்துக் கட்டி முடித்துவிட்டார்கள். சித்தப்பாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் கடைப் பக்கம் வருவதை நிறுத்தி இரண்டு வாரமாகியிருந்தது. அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் வண்டியில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், மாப்பிள்ளையின் தாயார், பின்னால் குனிந்த தலையோடு மாப்பிள்ளை. கோட்டுப் போட்டவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. அவர்கள் தெருவுக்குள் நுழையும்போதே கேட்காரர் பின்னால் வந்துகொண்டிருந்தார். பாய் விரித்து உட்காரவைத்து அப்பா சுகம் விசாரித்து முடிப்பதற்குள் எங்கள் வாசலில் முப்பது பேராவது நின்றார்கள்.

“கிள்ளான்ல பந்து ஒதைக்க ஆளே பொறக்கலையா?” என்று ஒரு குரல்.

“ஐயா, வந்த வண்டியிலயே கெளம்பிருங்க. அவன் எங்க ஆளு,” என்றது கடைக்காரர் குரல்.

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்பா முகம் சிவந்து வெளியே போனார். “இது வீட்டு விசேசம்பா. எந் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. அசிங்கப்படுத்தாதீங்க.”

கூட்டம் அப்படியே அடங்கியது. கடைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சுக்குங்க என்று முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினார்கள். நான் அறைக்குள் அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கையில் கோப்பித் தட்டு. தலை நிறைய மல்லிகை. என் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது.

ஆனால் கேட்காரர் போகவில்லை. வாசற்படியில் நின்று கோட்டுப் போட்டவரையே பார்த்தார். “இவரு அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணியில்ல? போன ஆட்டத்துல தொரை பக்கத்து நாக்காலில உக்காந்திருந்தாரே.”

போனவர்கள் திரும்பி வந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோட்டுப் போட்டவர் பயந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன். பயத்தில் நியாயம் பேசத் தொடங்கினார்.

“சும்மாவாய்யா கூட்டிட்டுப் போறோம்? பந்தாடற பையனுக்குக் கிராணி வேலை. தொரை கையெழுத்து போட்ட காகிதம் இந்தா இருக்கு. அதோட பொண்ணையும் எடுத்துக்கறோம்ல? ஒரு குண்டுமணித் தங்கம் கேட்டமா?”

அத்தை தட்டைத் தரையில் வைத்தார். கூப்பிடுவதற்கு முன்னால் பெண் வெளியே வருவது வழக்கமில்லை. அத்தை வந்தார். வந்தவர்களைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்.

“எந் தம்பியக் குடுத்து எனக்கு ஒண்ணும் வாங்க வேணாண்ணே.”

சித்தப்பா மூலையிலிருந்து எழுந்தார். “அக்கா, நான்தான் சரின்னு சொன்னேன். எனக்கும்…”

“நீ சும்மா இரு,” என்றார் அத்தை. சிறு வயதில் தாயில்லாத அவரை வளர்த்தது அத்தைதான். அவர் மறுபடி மூலையில் உட்கார்ந்தார். அந்த “எனக்கும்” என்ற சொல்லுக்குப் பிறகு என்ன என்று அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கோட்டுப் போட்டவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கோப்பியைத் தொடாமல் மூன்று பேரும் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான் தலையாட்டியதால்தான் அந்தக் கல்யாணம் நின்றது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு அதன் பிறகு இடம் எதுவும் வரவில்லை. கடைசிவரை எங்களோடு இருந்தார். சித்தப்பா இன்னும் இரண்டு பருவம் ஆடினார். பிறகு முட்டியில் அடிபட்டு ஓட முடியாமல் போயிற்று. ரப்பர் விலை விழுந்து எங்கும் ஆட்களைக் குறைத்த வருஷம், சம்பளப் பட்டியலில் முதலில் அடிக்கப்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவரைக் கப்பலேற்றிப் பூர்வீக ஊருக்கு அனுப்பினார்கள். வழியனுப்பக் கிள்ளான் துறைமுகம் வரை நாங்கள் மட்டும் போனோம். மழைக்காலம் அது. முடிவெட்டும் கடையில் வேறு பெயர்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவையெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வந்தவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் கூட்டம் ஆரவாரத்தோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சித்தப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தண்ணீர் தேங்கிய திடலைச் சுற்றிச் சேற்றில் ஓடினார்கள். வாத்துகள் சிதறிப் பறந்தன. நானும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா இரண்டு மூன்று தடவை இறங்கப் பார்த்தார். வந்தவர்கள் திரும்பிப் போன ரயில் நிலையத்துப் பக்கம் கையை நீட்டி என்னவோ சொன்னார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் அவருடைய இரண்டு கால்களையும் மார்போடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குத் திமிறுகிறார் என்று நினைத்து, நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன்.